வழி தவறுவதற்கென்று ஓர் ஆள்

அலுவலகத்தில் அவருக்குத் 'திசைகாட்டி' என்று பட்டப்பெயர். நெடுஞ்சாலைத் துறையில், வழிகாட்டிப் பலகைகள் பிரிவில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்த மனிதருக்குப் பொருத்தமான பெயர்தானே என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைப்பார்கள். கொஞ்ச நாள் போனால்தான் விவரம் தெரியும். வழுக்கைத் தலையனைச் 'சுருட்டை' என்று கூப்பிடுவார்களே, அந்த ரகம். கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இடதுபக்கம் வராமல் வலதுபக்கம் போய், கணக்குப் பிரிவில் யாரோ ஒருவருடைய மேசைக்கு முன்னால் நின்று, "என் நாற்காலிய யாருப்பா மாத்தினது?" என்று கோபித்துக்கொண்டவர் அவர். அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அல்ல, பதவி உயர்வு வந்த பிறகு.

இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னதும் அவரேதான். அடுத்தவன் சொல்லிச் சிரிப்பதற்குள் நாமே முந்திக்கொண்டால் அந்தச் சிரிப்பில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்பது அவர் சித்தாந்தம். தன்னைப் பற்றிய கேலியை வெளி ஆளுக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை. "என்னைப் பத்தி என்னைவிட மோசமாப் பேச இந்த ஊர்ல யாருக்குத் தகுதி இருக்கு?" என்பார்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். வழியில் இருந்தது ஒரே ஒரு திருப்பம். அந்த ஒன்றையும் தவறவிட்டு, முடிதிருத்தும் கடைக்காரர் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவராத வாரம் இல்லை. "பொறக்கும்போதே இவன் காலைத்தான் முதல்ல நீட்டினான். வெளிய வர்ற வழிகூடத் தெரியல" என்று அவர் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேலி செய்யும் திறமை அம்மா வழிச் சொத்து.

நெடுஞ்சாலைத் துறையில் எப்படிச் சேர்ந்தார் என்பதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். மீன்வளத் துறை நேர்காணலுக்குப் போனவர், மாடி மாறி வேறு வரிசையில் உட்கார்ந்துவிட்டாராம். உண்மையா, சரடா என்று அவர் மனைவிக்கே கடைசிவரை தெரியாது. எப்படியோ, குருடன் கையில் விளக்கைக் கொடுத்த கதையாக, அவரைக் கொண்டுபோய்ப் பலகைப் பிரிவில் போட்டார்கள்.

பிழைப்பெல்லாம் ஒரே சாலையோடுதான். மாநில நெடுஞ்சாலை நாற்பத்தொன்று. துறைமுகத்தின் இரும்புக் கதவுக்கு எதிரே அது தொடங்கும். கிடங்குகள் நிறைந்த முதல் புறநகரில் நல்ல அகலம். அடுக்குமாடிகள் நெருக்கும் இரண்டாவது புறநகரில், யாரோ வயிற்றில் குத்தியதுபோலச் சட்டென்று ஒடுங்கி, மருந்துக்கடை முனையில் ஒரு திருப்பம், மரக்கடை முனையில் எதிர்த் திருப்பம் என்று நெளிந்து போகும். மூன்றாவது புறநகர் தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்க்கில் சாலை இரண்டாகப் பிரியும். அதில் ஒன்றுதான் நெடுஞ்சாலை. ஆனால் பார்வைக்கு மற்றதுதான் நெடுஞ்சாலை மாதிரி இருக்கும். பிறகு ஆலை ஊர், சந்தை ஊர், கடைசியில் ஆற்றுப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு எண், வேறு துறைக்காரர்களின் தலைவலி.

அந்தப் பெட்ரோல் பங்க்கில்தான் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது என்று சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆலை ஊர்க் கிளை அலுவலகத்துக்கு ஒரு கோப்பைக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினார்கள். ஸ்கூட்டரில் போனார். பங்க்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ரசீது போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் வழி கேட்டார். "இடது பக்கம் போங்க, நேரா ஆலை ஊர்தான்" என்றாள். போனார். அரை மணி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பங்க்குக்கு வந்து சேர்ந்தார். மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி வந்தார்.

மூன்றாம் முறை அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வழி வேணுமா, இல்ல வேற ஏதாவது வேணுமா?"

"வழிதாங்க" என்றார். அவர் முகத்தில் அப்போது வியர்வையும் அவமானமும் சேர்ந்து வழிந்ததில், அதுவே வேறு மாதிரி அசடு வழிவதாகத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த அவள் அண்ணன், டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு வெளியே வந்தான்.

"மூணு தடவை வந்துட்ட. என்ன வேணும் உனக்கு?"

"ஆலை ஊர்..."

"வா. நானே கூட்டிட்டுப் போய் விடறேன். என் பின்னாடியே வரணும்."

அவன் மோட்டார் பைக்கில் முன்னால் போனான். இவர் பின்னால் போனார். முதல் வளைவில் ஒரு லாரி குறுக்கே வந்தது. லாரி விலகியபோது இவர் லாரியைப் பின்தொடர்ந்து போய்விட்டார். அண்ணன்காரன் கண்ணாடியில் பார்த்தான், ஆளைக் காணோம். திரும்பிப் போய்த் தேடி, ஒரு செங்கல் சூளையின் நடுவே ஸ்கூட்டரோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றவரைக் கண்டுபிடித்து, ஆலை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து தங்கையிடம் சொன்னான்: "பாவம்மா. அவனுக்கு நிஜமாவே தெரியல."

அடுத்த வாரம் இவர் மறுபடியும் பங்க்குக்கு வந்தார். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கு எங்க போகணும்?"

"இங்கதான்" என்றார்.

வாழ்க்கையில் அவர் நினைத்த இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு தடவைதான் என்று பின்னால் சொல்லிக்கொள்வார். பதிவுத் திருமணம். மச்சான் எதையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. முந்தின நாளே மாப்பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து, கதவை வெளியே தாழ்போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, காலையில் பதிவாளர் அலுவலகத்தில் ஒப்படைத்தார்.

அதன்பிறகு ஸ்கூட்டரின் பின்சீட்டுத்தான் அவருக்குத் திசை. மனைவி இடது தோளைத் தட்டினால் இடது, வலது தோளைத் தட்டினால் வலது, இரண்டையும் தட்டினால் நிறுத்து. அவருடைய சட்டைகள் எல்லாம் தோளில்தான் முதலில் நைந்தன. பிறந்த பெண் நல்லவேளையாக அம்மாவைக் கொண்டிருந்தாள். பேச்சு வந்த கொஞ்ச நாளிலேயே, இடுப்பில் இருந்தபடி, "அப்பா, இது நம்ம வீடு இல்ல" என்று பக்கத்து வாசலில் வைத்துத் திருத்தினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பிரிவுக்குப் புதிதாக ஒரு பொறியாளர் வந்தார். அவரைவிட வயதில் சின்ன பெண். வந்த முதல் வாரமே சாலை முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார். ஜீப் டிரைவருக்குக் காய்ச்சல். உரிமம் வைத்திருந்த ஒரே ஆள் நம்மவர்தான். பொறியாளரம்மா பின்னால் உட்கார்ந்து வரைபடத்தில் மூழ்கிவிட்டார். மதியம் சந்தை ஊரில் இருக்க வேண்டியவர்கள். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன், காலையில் நின்ற அதே கோணத்தில் நிற்கிறது.

அவர் தொண்டையைச் செருமினார். "ஊரு ரொம்ப வளந்துடுச்சு மேடம்."

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். விழவில்லை. "எங்க தப்பாத் திரும்பினீங்க?" என்று மட்டும் கேட்டார் பொறியாளரம்மா.

"அது தெரிஞ்சா திரும்பியிருக்க மாட்டேன் மேடம்."

பொறியாளரம்மா சிரிக்கவில்லை. வரைபடத்தை மடித்துவிட்டு முன்சீட்டுக்கு வந்தார். "இன்னொரு தடவை ஓட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க எப்படித் தோணுதோ அப்படியே போங்க."

போனார். காலையில் தவறிய அதே இடங்களில் அச்சுப் பிசகாமல் மறுபடி தவறினார். ஒவ்வோர் இடத்திலும் பொறியாளரம்மா இறங்கி, அவர் கண் இருந்த உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் பலகை மரக்கிளைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இன்னோரிடத்தில் திருப்பம் தாண்டிய பிறகுதான் 'திரும்புக' என்று இருந்தது. மரக்கடை முனையில் அம்புக்குறி நேரே போகச் சொல்கிறதா, வானத்துக்குப் போகச் சொல்கிறதா என்று தெரியவில்லை.

"நீங்க தப்புப் பண்ணல. ரோடுதான் தப்பாச் சொல்லுது" என்றார்.

இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் பிறந்ததிலிருந்து யாரும் சொன்னதில்லை. உடனே அவருக்குச் சந்தேகம் வந்தது. "ஆனா மேடம், மத்தவங்க எல்லாம் சரியாத்தானே போறாங்க?"

"உங்களுக்கெப்படித் தெரியும்? வழி தவறினவன் நம்ம ஆபீஸுக்கு வந்தா சொல்லிட்டுப் போறான்? அவனுக்கு ஆபீஸுக்கும் வழி தெரியாதே."

அன்றிலிருந்து அது முறையானது. எந்த முனையில் எந்தப் பலகை மாறினாலும், முதலில் இவரை ஓட்டச் சொல்வார்கள். பக்கத்தில் டிரைவர், வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு. இவர் தவறுகிற இடத்தில் சாலையோரம் சிவப்புச் சாயத்தில் ஒரு புள்ளி. பிறகு அங்கே ஒரு பலகை முளைக்கும். டிரைவர் வாய் திறக்க மாட்டான்தான். ஆனால் வயிறு குலுங்கும். இவர் தப்பான தெருவுக்குள் வண்டியை ஒடித்த மறு நொடி பக்கத்துச் சீட்டு ஆட ஆரம்பித்துவிடும்.

"எல்லாரும் வேலைக்குப் போய்த் தப்புப் பண்ணுவாங்க. தப்புப் பண்றதே வேலையா வாய்ச்சது எனக்கு மட்டும்தான்" என்று வீட்டில் வந்து சொல்வார். மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பார். மகள் சிரிப்பாள். மனைவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். வேலை இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

பெரிய சோதனை இரண்டாவது புறநகரில் வந்தது. அந்த நெளிசலை நிமிர்த்துகிறோம் என்று மேம்பாலம் கட்டினார்கள். நெளிசல் நிமிரவில்லை; மேலே ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டு ரவுண்டானா, ஒரு சுற்றுப் பாதை, பழைய சாலைக்கு நடுவில் ஒரு தடுப்புச் சுவர். திறப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த வேடிக்கையான சோதனை பற்றிக் கேள்விப்பட்ட தலைமைப் பொறியாளர், தானே வந்து கூட உட்காருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சேதியை இவர் சாப்பாட்டு மேசையில் சொன்னார். "நாளைக்கு மறுநாள் பெரிய ஐயா முன்னாடி வழி தவறணும். மானம் போறதுல ஒரு பதவி உயர்வு."

"என் தங்கச்சி புருஷன் சர்க்கஸ்ல சேந்துட்டாருடோய்! டிக்கெட் போட்டா நாங்களும் வருவோம்ல?" என்றார் மச்சான்.

இவரும் சேர்ந்து சிரித்தார். மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், "வாங்க, ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். எங்கே என்று இவர் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? தோளில் தட்டின பக்கமெல்லாம் திருப்பினார். நின்று பார்த்தால், திறக்காத புதுப் பாலத்தின் தடுப்புக்கு முன்னால். காவலாளி பங்க்கில் பழக்கமானவர். அவளைப் பார்த்ததும் தடுப்பை ஓரமாக நகர்த்தினார்.

"என்னம்மா இது?"

"நல்லாப் பாத்துக்கோங்க. பச்சைத் தண்ணித் தொட்டி வந்துச்சுன்னா வலது. ரெண்டு விளக்குக் கம்பம் ஒட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அங்க இடது. பாலம் இறங்கினதும் மரக்கடை போர்டப் பாக்காதீங்க, நேரா வாங்க."

"அது சோதனைம்மா. நான் தவறினாத்தான்..."

"ஒரு நாள் சரியாப் போனாக் குடி முழுகிடாது."

முதல் சுற்றில் தோளைத் தட்டினாள். இரண்டாம் சுற்றில் வாயால் மட்டும் சொன்னாள். பிறகு அவளும் பேசாமல் உட்கார, இவர் தன்னந்தனியாகப் பச்சைத் தொட்டியைக் கண்டுபிடித்து, கம்பத்தில் திரும்பி, பாலம் இறங்கி, சரியான சாலையில் வந்து நின்றார். தண்ணீரில் போட்ட கல் மிதந்தால் கல்லுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. செய்வது தப்பு என்று தெரிந்தது. ஆனால் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதோடு, உள்ளதைச் சொன்னால், அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

சோதனை நாளில் அவர் ஓட்டிய ஓட்டுக்குத் துறையே நின்று சலாம் போட்டிருக்க வேண்டும். தலைமைப் பொறியாளர் முன்சீட்டில். பின்னால் பொறியாளரம்மாவும் டிரைவரும். தொட்டியில் வலது. கம்பத்தில் இடது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு முழங்கையை ஜன்னலில் வேறு வைத்துக்கொண்டார். டிரைவரின் வயிறு குலுங்கவில்லை. வாய் மட்டும் திறந்தே இருந்தது.

"பிரமாதம். பலகையெல்லாம் கச்சிதமா இருக்கு. இவரே சரியாப் போயிட்டார்னா பச்சைக் குழந்தையும் போகும். இன்னும் நாலு பலகை கேட்டிருந்தீங்களே, தேவையில்ல" என்று சொல்லிவிட்டுத் தலைமைப் பொறியாளர் தன் காரில் ஏறிப் போனார்.

பொறியாளரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு உடம்புகிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து, ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று சொன்னபோது மனைவி முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நாலு பலகையைப் பற்றிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பாலம் திறந்த அன்று அவருக்கு ஆலை ஊரில் வேலை. முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பி வந்தார். மனைவி சொல்லிக்கொடுத்தது போகிற வழி. வருகிற வழிக்குப் பாடம் எடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் பச்சைத் தொட்டி ஒரு விளம்பரத் தட்டிக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் என்பதும், ஒட்டிக்கொண்டு நிற்கும் கம்பங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? ரவுண்டானாவை இரண்டு தரம் சுற்றினார். எது பெரிய சாலையாகத் தெரிந்ததோ அதில் நுழைந்தார்.

அது அடுக்குமாடிகளுக்குப் பின்னால் போகும் முட்டுச் சந்து. கடைசியில் ஒரு மதில். மதிலை ஒட்டி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும், பகீர் என்றது. ஒரு பால் டேங்கர். மெத்தை கட்டில் ஏற்றிய லாரி. பள்ளிக்கூட வேன். ஆட்கள் நிறைந்த பேருந்து ஒன்று, பயணிகள் எல்லாம் இறங்கி நடத்துநரைச் சூழ்ந்திருக்க. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் ஒன்றுகூட, உள்ளே ஆசிரியரும் மாணவியும் ஒருவரையொருவர் பார்க்காமல். மாடி முகப்புகளில் துணி காயப்போட வந்தவர்கள் துணியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். பனியன் போட்ட ஒரு பெரியவர் தோள்துண்டை வீசி வீசி, "இன்னும் வரலாம், இன்னும் வரலாம், போதும்!" என்று டேங்கரைப் பின்னால் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த மடையன்யா போர்டு வெச்சான்?" என்று கத்தினார் பால் டேங்கர்க்காரர்.

"அதானே!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவனை இங்க கொண்டாந்து நிக்க வெச்சுக் கேக்கணும்."

"கண்ணு தெரியாதவனா இருப்பான்."

"அறிவும் கம்மியாத்தான் இருக்கும்" என்றார் இவர். அந்த மடையனைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே யாருக்குத் தெரியும்? பேசப் பேச ஒரு சுருதியே சேர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள் துறை ஜீப் நுழைந்தது. புகார் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். இல்லை. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. பொறியாளரம்மா இறங்கி, மதிலைப் பார்த்தார், டேங்கரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"நீங்களுமா மேடம்?"

"நீங்களுமா?"

டிரைவரின் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் அன்று ஒரேயடியாக அணை உடைந்தது. ஜீப்பின் முன்மூடியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு எப்படிச் சரியாப் போனீங்க?" என்று கேட்டார் பொறியாளரம்மா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். முட்டுச் சந்தில் நிற்கும் பேருந்தை எங்கே மறைப்பது? "முந்தின நாள் என் மனைவி சொல்லிக் குடுத்தா மேடம்."

"யோவ்," என்றார் டேங்கர்க்காரர், "அப்ப நீதானா அது?"

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. அவர் வழக்கப்படி தன்னைத்தானே முந்திக்கொண்டு கேலி செய்ய ஏதாவது தேடினார். எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லித் தீர்த்திருந்தார்.

காப்பாற்றியது பொறியாளரம்மாதான். பேருந்தின் படியில் ஏறி நின்று, "எல்லாரும் கொஞ்சம் சொல்லுங்க, எந்த இடத்துல திரும்பி இதுக்குள்ள வந்தீங்க? எதைப் பாத்துத் திரும்பினீங்க?" என்று கேட்டார். திட்டிக்கொண்டிருந்தவர்களை யோசனை கேட்டால் போதும், அடுத்த நொடி ஆலோசகர்கள் ஆகிவிடுவார்கள். ஆளாளுக்குச் சொன்னார்கள். பயிற்சிப் பள்ளி மாணவிதான் விளம்பரத் தட்டியைக் கண்டுபிடித்துச் சொன்னாள். எல்லாரும் நடந்தே ரவுண்டானா வரை போனார்கள். இவர் சிவப்புச் சாய டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். டேங்கர்க்காரரே புள்ளி வைத்தார். கொஞ்சம் பெரிதாகவே வைத்தார்.

சாயங்காலம் பொறியாளரம்மா அவர் வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் பேச வேண்டுமாம். இவர் டீ போடும் சாக்கில் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"என் மேலதாங்க தப்பு. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"திட்ட வரலம்மா. ஏன்னு கேக்கத்தான் வந்தேன்."

மனைவியின் பதில், அவர் கேட்டுப் பழகாத ஒரு குரலில் வந்தது. "ஊரே சிரிக்குதுங்க மேடம். எங்கண்ணன் சிரிக்கிறான், எம்பொண்ணு சிரிக்கிறா. அவரும் கூடச் சேந்து சிரிக்கிறாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல. எத்தனை வருஷம்? ஒரே ஒரு நாள் நாலு பேரு மாதிரி போயிட்டு வரட்டுமேன்னு நெனச்சேன்."

"நான் அவரைப் பாத்து ஒருநாளும் சிரிச்சதில்லம்மா."

"உங்க டிரைவர் சிரிக்கிறாரு. வயிறு குலுங்குமாம். இவரே வந்து நடிச்சுக் காட்டுவாரு."

திரைக்குப் பின்னால் டீ பொங்கி அடுப்பை அணைத்தது. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பில் பங்கு, பங்கு என்று ஊருக்கெல்லாம் பிட்டுப் பிட்டுக் கொடுத்தவர், வீட்டில் ஒருத்திக்கு அந்தப் பங்கு வேண்டுமா என்று கேட்டதே இல்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனபோதெல்லாம் உள்ளே கழுவ ஒன்றும் இருந்ததில்லை என்பது, இத்தனை வருஷம் கழித்து, அந்த அடுப்படியில் நின்றபோதுதான் உறைத்தது. அவருக்கு வழி சொல்வதே தன் வேலை என்று அவள் இருந்தாளே தவிர, அவள் எந்தத் திசையில் நிற்கிறாள் என்று இவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. இதிலும் வழி தவறியாயிற்று. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

பொறியாளரம்மா போன பிறகு அவர் மனைவிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டீ எங்க?" என்றாள்.

"அடுப்புக்கு ஊத்திட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். உடனே, சிரித்ததற்காக அவர் மேலேயே கோபித்துக்கொண்டாள். "இனிமே எங்கண்ணன் முன்னாடி சர்க்கஸ் காட்ட வேண்டாம். எங்கிட்ட வேணா சொல்லுங்க."

அதைக் கடைசிவரை காப்பாற்றினார். மச்சான் எவ்வளவு கிண்டிப் பார்த்தும், "ஒண்ணும் விசேஷமில்ல மச்சான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கதை கிடைக்காமல் மச்சான் இளைத்தே போனார்.

நாலு பலகைகளும் வந்தன, ஆனால் சும்மா வரவில்லை. தலைமைப் பொறியாளர் நம்பவில்லை. "எதிர்ப்பக்கத்துலேருந்து நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்றார் பொறியாளரம்மா. அவர் ஓட்டினார். மதிலுக்கு முன்னால் வந்து நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இந்த மதில் எப்ப வந்தது?" என்று கேட்டார். மறு வாரமே பலகைகள் நின்றன.

அதோடு பொறியாளரம்மா முறையையும் மாற்றினார். இனிமேல் ஒருத்தரையே ஓட்ட வைப்பதில்லை. பிரிவில் இருக்கிற எல்லாரும் முறை போட்டு ஓட்ட வேண்டும். கணக்குப் பிரிவுத் தலைவர் சந்தை ஊருக்குப் பதில் ஒரு கோழிப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். டிரைவர் முதல் ரவுண்டானாவிலேயே மாட்டினான். பின்சீட்டில் இருந்த நம்மவர் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் வந்தார். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மற்றவர்கள் ஓரிடத்தில் தவறினால் இவர் அதையும் சேர்த்து இன்னும் இரண்டு இடத்தில் தவறினார். தொழில் சுத்தம் அப்படி.

பணி ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் மகளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து, வீடும் அங்கேயே அமைந்தது. பார்க்கப் போனார்கள், பழைய சின்னக் கார் ஒன்றில். துறைமுகத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை, நாற்பத்தொன்று முழுக்க, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஓட்டினார். பல இடங்களில் அவள் சொல்லவே தேவை இருக்கவில்லை. பலகைகள் பெரிது பெரிதாக, கிளை மறைக்காமல், திருப்பத்துக்கு நன்றாக முன்பே நின்றன. "இந்த இடத்துல நான் ரெண்டு தடவை தவறினேன்" என்று ஒவ்வொன்றையும் காட்டினார், சொந்த நிலத்தைச் சுற்றிக் காட்டுகிற மிராசுதார் மாதிரி. அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

பாலம் தாண்டியது. பலகைகளில் எழுத்து மாறியது. கோழி கிளறின மாதிரி என்னவோ எழுதியிருந்தது. அவள் கொஞ்ச தூரம் உத்தேசமாகச் சொன்னாள். ஒரு நாற்சந்தியில் நாலு பக்கமும் ஒரே மாதிரி கட்டடங்கள். அவள் கை மடியில் இறங்கியது.

"எனக்குத் தெரியலங்க" என்றாள். "எந்தப் பக்கம்னே தெரியல. தலையெல்லாம் சுத்துது."

வாழ்நாளில் முதல் தடவை. அவருக்கோ இது தினசரி வீட்டு வாசல். பதறாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"மொதல்ல தண்ணி குடி" என்றார். "வழி தவறினா உடனே தேடக் கூடாது. தேடினா இன்னும் உள்ள போயிடுவோம். கொஞ்ச நேரம் தவறினபடியே இருக்கணும். அப்புறம், கடையில உக்காந்திருக்கிறவங்களக் கேக்கணும். நடந்து போறவங்களக் கேக்கக் கூடாது, அவங்களே வெளியூரா இருப்பாங்க."

இறங்கி, எதிரே பூட்டு ரிப்பேர் செய்கிற கடைக்குப் போனார். மொழி தெரியாது. மகள் தெருவின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, கையால் பாலம் வரைந்து, நாலு பக்கமும் காட்டி, தலையில் அடித்துக்கொண்டார். பூட்டுக்காரர் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரும் வந்தார். இரண்டு ஸ்டூல் வந்தது. டீ வந்தது. அவர் திரும்பிப் பார்த்து மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் தயங்கித் தயங்கி வந்து, ஓரமாக உட்கார்ந்து, கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பூட்டுக்காரர் ஒரு சாவியால் தரையில் கோடு போட்டு வழி காட்ட, இவர் அதைத் தலைகீழாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது அவள் போன் அடித்தது. மகள்.

"எங்கம்மா இருக்கீங்க? எப்பவோ வந்திருக்கணுமே!"

"தெரியலடி" என்றாள் அவள். "உங்கப்பா பாத்துக்கிறாரு."